வேக அபராதம்: கட்டுவதா, வழக்காடுவதா? பிரித்தானியச் சாலைகளில் ஒரு சட்ட வரலாறு

வேக வரம்பை மீறியதாகக் கூறி ஓர் அபராதச் சீட்டு வீடு தேடி வந்தால், அதைப் பெற்றவர் முன் மூன்று வழிகள் உள்ளன. பணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நீதிமன்றம் சென்று வழக்காடலாம். வண்டியை ஓட்டியது தான் அல்ல என்று சொல்லலாம். இந்த மூன்றாவது பதில் உண்மையானால் அத்துடன் விவகாரம் முடிந்தது. பொய்யானால் சிறை வரை இழுத்துச் செல்லும். இவற்றுள் எது எளிது, எது ஆபத்தானது என்பது எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. வேகத்தை யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார், ஓட்டியவர் யார் என்று நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றைப் பொறுத்து அது மாறி வந்துள்ளது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே சாலை வேகத்துக்குச் சட்டம் இயற்றிய பிரித்தானியாவில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் சில விதிகளும் அந்தச் சட்ட மரபிலிருந்தே வந்தவை என்பதால், இந்த வரலாறு நமக்கும் தொடர்புடையது.

ஒரு ஷில்லிங் அபராதம்

1896ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் பெக்கம் ஊரைச் சேர்ந்த வால்டர் ஆர்னால்டு என்பவர் தம் மோட்டார் வண்டியை பேடக் உட் என்னும் சிற்றூர் வழியாக மணிக்கு 8 மைல் வேகத்தில் ஓட்டிச் சென்றார். இன்றைய கணக்கில் சுமார் 13 கிலோமீட்டர். சைக்கிள் மிதிப்பவர் எளிதாக எட்டிப் பிடிக்கும் வேகம். உண்மையில் நடந்ததும் அதுதான். ஒரு காவலர் சைக்கிளில் ஏறி ஏறத்தாழ 5 மைல் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார்.

அன்று நடைமுறையில் இருந்தது 1865ஆம் ஆண்டின் சட்டம். நீராவியால் இயங்கும் கனமான இழுவை எந்திரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்பது வரம்பு. வண்டியைக் கவனிக்க மூன்று பேர் வேண்டும். அவர்களுள் ஒருவர் சிவப்புக் கொடியுடன் முன்னால் நடக்க வேண்டும் என்ற விதி 1878இல் தளர்த்தப்பட்டது. ஆனாலும் ஒருவர் முன்னால் நடந்தே ஆக வேண்டியிருந்தது. குதிரை இல்லாத வண்டியை ஓட்டியது, போதிய ஆட்கள் இல்லாதது, வண்டியில் பெயரும் முகவரியும் எழுதாதது, வேகம் மீறியது என ஆர்னால்டு மீது நான்கு குற்றச்சாட்டுகள் வந்தன.

அவர் பேசாமல் கட்டிவிட்டுப் போகவில்லை. இத்தகைய இலகுவான வண்டியைச் சட்டம் கனவிலும் எண்ணிப் பார்த்ததில்லை என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வேகக் குற்றத்துக்கு விதித்த அபராதம் ஒரே ஒரு ஷில்லிங். மோட்டார் வண்டியின் வேகத்துக்காக உலகில் தண்டிக்கப்பட்ட முதல் ஓட்டுநர் என்று ஆர்னால்டு இன்று குறிப்பிடப்படுகிறார். அவர் பென்ஸ் வண்டிகளை விற்பவராகவும் இருந்ததால், இந்த வழக்கு தந்த விளம்பரம் அபராதத்தை விடப் பல மடங்கு பெறுமதியானது என்று கருத இடமுண்டு. அதே ஆண்டு நவம்பர் 14 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 14 மைல். உள்ளாட்சி வாரியம் அதை 12 ஆகக் குறைத்தது. அந்த விடுதலையைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் அணிவகுத்துச் சென்றன.

வேலிக்குப் பின்னால் காவலர்

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வரம்பை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. வண்டிக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநருக்கு உரிமமும் அதனால் கட்டாயமாயின. அதே சட்டம் ஓட்டுநருக்குச் சாதகமான ஒரு விதியையும் கொண்டிருந்தது: ஒரே ஒரு சாட்சி தன் கண்ணால் கண்டு மதிப்பிட்ட வேகத்தை மட்டும் வைத்து எவரையும் வரம்பு மீறியதற்காகத் தண்டிக்கக் கூடாது. பார்வைக்கு வேகமாகத் தெரிவது வேறு, வேகமாகச் செல்வது வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. பின்னாளில் எழுந்த கருவிகள் அனைத்துக்கும் இந்த ஒரு விதியே தேவையை உண்டாக்கியது என்று சொல்லலாம்.

காவல்துறை கண்டுபிடித்த விடை ஸ்டாப்வாட்ச். சாலையில் ஒரு குறிப்பிட்ட தூரத்தை அளந்து, இரு முனைகளிலும் வேலிக்குப் பின்னால் காவலர்கள் மறைந்திருப்பார்கள். வண்டி முதல் முனையைக் கடக்கும்போது ஒருவர் சைகை காட்டுவார். இரண்டாம் முனையில் உள்ளவர் நேரத்தைக் குறிப்பார். பெரும்பாலும் அளக்கப்பட்ட தூரம் ஒரு பர்லாங், அதாவது 220 கெஜம். மணிக்கு 20 மைல் வேகத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க 22.5 வினாடி ஆகும். சைகையைக் கண்டு கடிகாரத்தை அழுத்துவதில் ஒரு வினாடி பிசகினால், சரியாக 20 மைலில் வந்தவர் ஏறத்தாழ 21 மைலில் வந்ததாகக் கணக்காகும். இரண்டு வினாடி பிசகினால் 22. குளிரில் விறைத்த விரலும், தூரத்தில் அசையும் கைக்குட்டையும் ஒருவரது குற்றத்தைத் தீர்மானித்தன. ஆகவே இந்தக் காலத்தில் வழக்காடுவது என்றால் அளவையே கேள்வி கேட்பதுதான்: தூரம் சரியாக அளக்கப்பட்டதா, கடிகாரம் சரியானதா, சைகை எப்போது காட்டப்பட்டது?

லண்டன்–பிரைட்டன் சாலையில் இத்தகைய பொறிகள் பெருகியதன் எதிர்வினையாக 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கம் தோன்றியது. சைக்கிளில் சுற்றும் தொண்டர்கள் பொறி இருக்கும் இடத்தை முன்கூட்டியே வண்டிக்காரர்களுக்கு அறிவித்தார்கள். பிடிபட்ட உறுப்பினர்களுக்கு நீதிமன்றத்தில் வாதாடச் சங்கம் சட்ட உதவியும் தந்தது. பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்குக்காக நடந்த போராட்டம் என்று இதை ஒதுக்கிவிடலாம். அன்று மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்களே. ஆனாலும் காவலர் அளந்த அளவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்ற பழக்கம் அவர்களிடமிருந்துதான் பரவியது.

எச்சரிப்பது குற்றமா என்ற கேள்வி இருமுறை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. முதல் வழக்கில், எச்சரிக்கப்பட்ட ஓட்டுநர்கள் அப்போது வரம்பை மீறிக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லாததால் தொண்டர்கள் தப்பினார்கள். பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற இரண்டாவது வழக்கில், ஏற்கெனவே வேகமாக வந்துகொண்டிருந்தவர்களை எச்சரித்து மெதுவாக்கியது காவலரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பானது. சங்கம் அதற்கும் ஒரு வழி கண்டது. சங்கச் சின்னம் பொருத்திய வண்டியைக் கண்டதும் தொண்டர் சல்யூட் அடிப்பது வழக்கம். அவர் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. பேசினால் குற்றம், சல்யூட் அடிக்காமல் இருப்பதை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது?

வரம்பே இல்லாத ஆண்டுகள்

20 மைல் வரம்பை 1920களில் ஏறக்குறைய எவரும் மதிக்கவில்லை. எல்லோரும் மீறும் சட்டம் மற்றச் சட்டங்களின் மதிப்பையும் கெடுக்கும் என்ற வாதம் வென்றது. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பையே நீக்கிவிட்டது. அபராதச் சீட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத காலம் அது. ஆனால் சாலையில் நடப்பவர்களுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. 1934இல் பிரித்தானியச் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் பாதசாரிகள். அன்று ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை இன்றுள்ளதில் ஒரு சிறு பங்கே என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கொடுமை விளங்கும். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா காலத்தில் நிறைவேறிய சட்டப்படி, 1935 மார்ச் 18 முதல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வரம்பு வந்தது. இன்றுவரை அங்குப் பெரும்பாலான நகரத் தெருக்களின் வரம்பு அதுவே.

1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பிடிபட்ட இடத்திலேயே எச்சரிக்கப்படாதவருக்கு 14 நாட்களுக்குள் வழக்கு பற்றிய அறிவிப்பு சேர வேண்டும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு தெருவில் தான் எப்படி ஓட்டினோம் என்பது சில வாரங்களில் யாருக்கும் மறந்துபோகும். நினைவு மங்கிய பின் ஒருவரைத் தற்காத்துக்கொள்ளச் சொல்வது நியாயமல்ல என்பதே இதன் அடிப்படை.

ஓடிய மரம்

இரண்டாம் உலகப் போரில் வளர்ந்த ராடார், 1940களின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலச் சாலைகளில் வேகம் அளக்கப் பயன்பட்டது. அடுத்த பத்தாண்டில் பிரித்தானியக் காவலர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். ஒரு சாட்சியின் கண்ணுக்குத் துணையாக ஒரு கருவி கிடைத்துவிட்டது. கடிகாரத்தை அழுத்திய விரலைக் குறுக்கு விசாரணை செய்யலாம். மின்காந்த அலையை எப்படிச் செய்வது?

செய்ய முடியும் என்று காட்டியது 1979இல் புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரம். ஒரு தொலைக்காட்சி நிலையம் காவல்துறையின் ராடார் கருவியைச் சோதித்துக் காட்டியது. அதில் ஒரு பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடியது. ஒரு வீடு 28 மைலில் நகர்ந்தது. அதைத் தொடர்ந்த விசாரணையில் நீதிபதி ஆல்பிரட் நெஸ்பிட் நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டபின், முன்வைக்கப்பட்ட ராடார் சான்று ஐயத்துக்கு இடமின்றி நம்பத்தக்கதல்ல என்று தள்ளினார். அது ஒரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே. மற்ற இடங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, பயன்படுத்தியவர் பயிற்சி பெற்றவரா என்று கேட்பது அதன்பின் வழக்கறிஞர்களின் வாடிக்கையானது. மரம் ஓடிய செய்தியின் கவர்ச்சியில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: சரியாகப் பராமரித்துச் சரியாகக் குறிவைத்த ராடார், மறைந்திருந்த மனிதரின் ஸ்டாப்வாட்சை விட எவ்வளவோ துல்லியமானது.

கேமரா கேட்ட கேள்வி

மோரிஸ் காட்சோனிடிஸ் நெதர்லாந்தைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர். 1953ஆம் ஆண்டு மான்டி கார்லோ ராலியில் வென்றவர். வளைவுகளில் தம் வேகத்தைத் துல்லியமாக அளந்து மேலும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் ஒரு கருவியை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவர் நிறுவனத்தின் வேகக் கேமரா. வேகமாக ஓட்டப் பிறந்த கருவி மெதுவாக ஓட்டச் சொல்லும் கருவியானது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் கேமராவின் பதிவை நேரடிச் சான்றாக ஏற்க வழிவகுத்தது. 1992இல் லண்டனின் மேற்கில் டிவிக்கன்ஹாம் பாலம் அருகே அங்கு முதல் கேமரா நிறுவப்பட்டது.

கேமராவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. காவலர் வண்டியை நிறுத்தினால் ஓட்டுநரின் முகம் அவர் எதிரே இருக்கும். பின்னாலிருந்து படமெடுக்கும் கேமராவுக்குத் தெரிவது பதிவு எண் மட்டுமே. யார் ஓட்டினார் என்பதை அரசு எப்படி நிரூபிக்கும்? 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவு இதற்கு விடை சொன்னது. வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளர், ஓட்டியவர் யார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தனிக் குற்றம். ஓட்டியவர் தாமே என்றால், தமக்கு எதிரான சான்றைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

என் பார்வையில், இந்த வரலாற்றின் திருப்புமுனை ராடார் அல்ல, இந்தப் படிவம்தான். அதுவரை அரசு அளந்தது, ஓட்டுநர் மறுத்தார். இப்போது அரசு கேட்கிறது, ஓட்டுநர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பது ஆங்கிலச் சட்டம் பெருமையாகப் பேசும் மரபு. அது ஒரு வேகச் சீட்டுக்காக விட்டுக்கொடுக்கப்படுமா?

இரண்டு ஓட்டுநர்கள் இந்தக் கேள்வியை ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள். ஒருவர் 2000ஆம் ஆண்டில், 40 மைல் தற்காலிக வரம்பு இருந்த நெடுஞ்சாலையில் 69 மைல் வேகத்தில் சென்றதாகப் பிடிபட்டவர். படிவத்தை நிரப்பித் தாமே ஓட்டியதாக எழுதிவிட்டு, கட்டாயத்தால் வந்த அந்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கக் கூடாது என்றார். மற்றவர் 2001இல் 30 மைல் பகுதியில் 47 மைலில் சென்றதாகக் கூறப்பட்டவர். படிவத்துக்குப் பதில் தரவே மறுத்தார். மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை 750 பவுண்டு அபராதமும் 250 பவுண்டு செலவுத் தொகையும். வேகக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையை விட இது மிக அதிகம்.

ஓஹாலரன், பிரான்சிஸ் எதிர் ஐக்கிய இராச்சியம் என்ற இந்த வழக்கில் 2007 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. 17 நீதிபதிகளில் 15 பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கார் வைத்து ஓட்டுபவர் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒன்றைக் கையாள்கிறார். அதற்கான ஒழுங்குமுறைகளையும் பொறுப்புகளையும் அவர் அறிந்தே ஏற்கிறார். கேட்கப்படும் தகவலோ ஓட்டியவர் யார் என்ற ஒன்று மட்டுமே. எனவே நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்படவில்லை என்பது பெரும்பான்மையின் முடிவு. இருவர் மறுத்தார்கள். 1934இல் இறந்த பாதசாரிகளை ஒரு தட்டிலும் மௌனம் காக்கும் உரிமையை மறு தட்டிலும் வைத்தால், பெரும்பான்மை சொன்னதே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் இதே தர்க்கம் வேறு எந்தெந்தக் குற்றங்களுக்கு நீளும் என்ற அச்சமும் வெற்று அச்சமல்ல.

பொய்யின் விலை

மௌனம் அடைக்கப்பட்டதும் சிலர் பொய்யின் பக்கம் சாய்ந்தார்கள். 2003 மார்ச்சில், அப்போது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கிறிஸ் ஹியூனின் கார் 50 மைல் பகுதியில் 69 மைலில் சென்றது கேமராவில் பதிவானது. அவர் உரிமத்தில் ஏற்கெனவே 9 தண்டனைப் புள்ளிகள் இருந்தன. இன்னும் 3 சேர்ந்தால் உரிமம் பறிபோகும். அவருடைய மனைவியும் பொருளாதார வல்லுநருமான விக்கி பிரைஸ் தாம் ஓட்டியதாக எழுதிக் கொடுத்தார். விந்தை என்னவென்றால், சில மாதங்களிலேயே கைபேசியில் பேசியபடி ஓட்டியதற்காக ஹியூன் தம் உரிமத்தை இழந்தார். மணவாழ்வு முறிந்தபின் உண்மை வெளியே வந்தது. அமைச்சராக உயர்ந்திருந்த அவர் 2012 பிப்ரவரியில் பதவி விலகினார். 2013 மார்ச் 11 அன்று இருவருக்கும் தலா 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. கணவரின் வற்புறுத்தலால் செய்தேன் என்று பிரைஸ் முன்வைத்த பழைமையான சட்டத் தற்காப்பு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. மறு ஆண்டு நாடாளுமன்றம் அந்தத் தற்காப்பையே சட்டத்திலிருந்து நீக்கியது.

பிரித்தானியச் சட்ட மரபில் வளர்ந்த ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிடத் துயரமானது. ஓய்வுபெற்ற கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மார்கஸ் ஐன்பெல்டு 2006 ஜனவரியில் சிட்னியில் 50 கிலோமீட்டர் பகுதியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதற்கு அபராதம் 77 டாலர். தம் நண்பர் ஒருவர் ஓட்டினார் என்று அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். அந்த நண்பர் 2003இலேயே இறந்துவிட்டவர். 2009இல் ஐன்பெல்டுக்கு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சட்டம் அறியாதவர் அல்ல. பல ஆண்டுகள் பிறரின் சத்தியத்தை எடைபோட்டவர்.

இன்றைய தெரிவு

இன்று பிரித்தானியாவில் சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண்டும் 3 புள்ளிகளும் என்ற நிலையான அபராதம் உண்டு. சற்றே மீறியவர்களுக்கு அதற்குப் பதிலாக ஒரு விழிப்புணர்வு வகுப்பு வழங்கப்படுவதும் உண்டு. கட்டணம் செலுத்தி அதில் கலந்துகொண்டால் புள்ளிகள் இல்லை. வழக்காடித் தோற்றால் வருமானத்தைப் பொறுத்து 1,000 பவுண்டு வரையும், நெடுவிரைவுச் சாலையானால் 2,500 பவுண்டு வரையும் அபராதம் வரலாம். செலவுத் தொகை தனி. ஓட்டியவர் பெயரைத் தராதவருக்கு 6 புள்ளிகள், அதாவது வேகக் குற்றத்தைப் போல் இரு மடங்கு. இந்த ஏற்பாடு ஓட்டுநரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது வெளிப்படை. தவறு செய்தவருக்குக் கட்டிவிடுவதே இலாபம். தவறு செய்யாதவருக்கும் அதுவே மலிவு என்பதுதான் இதில் உறுத்தும் இடம்.

ஆனாலும் பழைய விதிகள் முற்றிலும் உயிரிழக்கவில்லை. 2018 ஜனவரியில் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் லண்டனில் 40 மைல் பகுதியில் 59 மைலில் சென்றதாகப் பதிவானது. அறிவிப்பு 14 நாள் கெடுவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது என்று அவர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்று அவரை விடுவித்தது. நினைவு மங்கிய ஏழைக்காக எழுதப்பட்ட விதி, சிறந்த வழக்கறிஞரை அமர்த்த முடிந்தவருக்கு உதவியது.

இந்தியச் சட்டத்தில்

1988ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் வேக மீறலுக்கான 183ஆம் பிரிவைப் பார்த்தால் 1903இன் குரல் கேட்கும்: கருவியின் துணையில்லாமல் ஒரே சாட்சியின் மதிப்பீட்டை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கார் போன்ற இலகு வாகனங்களுக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. 133ஆம் பிரிவு, கேட்டால் ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் வரை சென்ற அதே கடமைதான். பிரித்தானியாவில் எழுதப்பட்ட ஒற்றை அரசியலமைப்பு இல்லை. இங்கோ குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகச் சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மின்னணுக் கருவிகள் மூலம் பிடிபடும் மீறல்களுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. கைபேசியில் வரும் சலான் குறுஞ்செய்தியைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. மீறல் நடந்த தேதி, இடம், வண்டி எண், படம் ஆகியவற்றைத்தான்.